இதே மாதிரி ரெண்டு

பூலாம்பாடியில் ஒரு மனிதன் முன்னேறிவிட்டான் என்று சொல்ல அடையாளங்கள் உண்டு. முதலில் ஓட்டு வீடு தளமாகும். அப்புறம் வாசலுக்கு இரும்பு கேட் வரும், கேட்டில் கட்டாயம் ஒரு மயில் இருக்கும். அதற்கு மேல் வசதி வந்தால் கார். மில்லிங் மெஷின் இந்த வரிசையில் எங்கேயும் கிடையாது. இரும்பைப் பிடித்து வைத்து அதில் காடி, அதாவது நீளப் பள்ளம், போடுகிற இயந்திரம் அது என்பது ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ராசாங்கத்தின் பட்டறையில் அது வந்து இறங்கிய அன்று பக்கத்துத் தெரு இருசம்மாள் ஒரு தூக்கு நிறைய ஊறவைத்த பச்சரிசியோடு வந்து, எப்போது ஓட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றதை அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ராசாங்கத்தின் அப்பனும் ஆத்தாளும் ஊரார் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அவன் வெல்டிங் பழகி, பெரம்பலூர் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, கேட் செய்து பிழைத்தான். மயில் தோகைக்கு அவனை விட்டால் அந்தப் பக்கம் ஆள் கிடையாது. மயிலோடு நின்றிருந்தால் இன்றைக்கு அவனும் தளம் போட்ட வீட்டில், மயில் வைத்த கேட்டுக்குப் பின்னால், கௌரவமாகக் கடன்பட்டுக் கிடந்திருப்பான். அவனுக்கு வெங்காயத்தில் புத்தி போய்விட்டது.

சின்ன வெங்காயத்தைப் பிடுங்குவது பெரிய வேலையில்லை. பிடுங்கியதை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தாளை அறுக்க வேண்டும், அதுதான் வேலை. பெண்கள் காட்டில் வட்டமாக உட்கார்ந்து பொழுதெல்லாம் அறுப்பார்கள். ராசாங்கத்தின் மனைவி அம்சவள்ளிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த காடு ஒன்று இருந்தது. அதில் வெங்காயம் போட்டு, அவளே அறுத்து, அவள் கட்டைவிரலில் அரிவாள் எழுதாத இடம் கிடையாது. ஒரு நாள் அந்த விரலை வைத்துக்கொண்டு அவளால் சோறு பிசைய முடியவில்லை. ராசாங்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு புருஷன் அந்த இடத்தில் ஊட்டிவிடுவான், இல்லையென்றால் எழுந்து வெளியே போவான். இவன் மெஷின் செய்யப்போகிறேன் என்றான்.

யோசனை நல்ல யோசனைதான். இரண்டு இரும்பு ரோலர் அக்கம்பக்கமாகப் படுத்து உள்நோக்கிச் சுற்ற வேண்டும். மேலே வெங்காயத்தைக் கொட்டினால் தாள் இரண்டுக்கும் நடுவில் சிக்கி அறுபடும். ரோலரில் முறுக்குக் கம்பி மாதிரிச் சுற்றிச் சுற்றி ஓடுகிற காடி, வெங்காயத்தைத் தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் கூடையில் போடும். சட்டத்தை ராசாங்கமே கனத்த சேனல் இரும்பில் அடித்துவிட்டான். மோட்டார் வாங்கிவிட்டான். எல்லாவற்றுக்கும் முன்னால், சட்டத்தின் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டில் ‘ராசாங்கம் இன்ஜினியரிங், பூலாம்பாடி’ என்று எழுதிவிட்டான். நம் ஊரில் எந்தத் தொழிலிலும் முதலில் தயாராவது அதுதான்.

வெங்காய விவசாயிகள் குழுவுக்குத் தலைவராக இருந்த மணிவண்ணன் வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

“தை கடைசியில என் காட்டுல புடுங்குறேன், ராசாங்கம். ஒரு நாள் கொண்டாந்து ஓட்டு. ஓடுச்சுன்னா எங்க குழு அஞ்சு மெஷின் எடுத்துக்கும்.”

“ஓடும்ணே.”

“ஓடலேன்னாலும் ஒண்ணும் போயிடல. மயிலு இருக்கு.”

அந்த மயில்தான் ராசாங்கத்தைக் குத்தியது. மணிவண்ணன் காட்டில், தை மாதக் கடைசியில், ஒரே ஒரு நாள் அது ஓட வேண்டும். அதற்கு மேல் அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

குறை இரண்டே இரண்டு ரோலர். வெல்டிங்கில் அந்தக் காடி வராது, மில்லிங்கில்தான் வரும். திருச்சியில் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்குள் உட்கார்ந்திருந்தவர் மரியாதையாகக் கேட்டார்.

“எத்தனை பீஸ் சார்?”

“ரெண்டு.”

“ரெண்டாயிரமா?”

“ரெண்டுங்க. ஒண்ணு, ரெண்டு.”

பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பல்வலியோடு வந்தவனைப் பார்ப்பது மாதிரி அவர் பார்த்தார். மெஷினைத் தயார் செய்து மாட்டுகிற நேரத்துக்கே இரண்டு பீஸ் காணாது என்றும், நூறு என்றால் வரலாம் என்றும் சொல்லி அனுப்பினார். காபி கொடுத்தார்கள். அது நன்றாக இருந்தது.

அப்படித்தான் ராசாங்கம் அரியலூர் சவரிமுத்திடம் போய்ச் சேர்ந்தான். சவரிமுத்து ஏலாக்குறிச்சிக்காரர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டுக்குப் பின்னால் அவருடைய பட்டறை. லேத், மில்லிங், கூரை, காலண்டர் எல்லாவற்றின்மேலும் தூசி வெள்ளையாகப் படிந்திருக்கும். அவர் புருவமும் வெள்ளைதான், அது வயசா சுண்ணாம்பா என்று துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். சுற்று வட்டாரத்தில் ஒரு பீஸ் என்றாலும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்கிற ஒரே மனிதர். வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அங்கே யாரும் வரைபடம் கொடுப்பதில்லை. வரைபடம் வீட்டு லோனுக்குத்தான். தேய்ந்ததோ உடைந்ததோ, ஒரு சாமானைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, “இதே மாதிரி” என்று சொன்னால் போதும். அந்த இரண்டு வார்த்தையில் லாரியிலிருந்து கரும்பு ஆலைவரை எல்லாமும் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. ராசாங்கமும் வேப்பங்கட்டையில் ஒரு ரோலர் செதுக்கி, கயிறு சுற்றி அடையாளம் வைத்து, காடியை அரத்தால் ராவி, சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனான்.

“இதே மாதிரி இரும்புல ரெண்டு வேணும்ணே.”

சவரிமுத்து கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழகா இழைச்சிருக்கியே தம்பி. நாளைக்கு வா.”

சவரிமுத்து சொல்கிற நாளை ஒரு கிழமை கிடையாது. அது ஒரு நல்லெண்ணம். ராசாங்கம் ஆடியில் கொடுத்தான். ஆவணியில் போனபோது கட்டர் முனை போய்விட்டது. அடுத்த முறை சிமெண்ட் லாரிக்கு அவசர வேலை. அதற்கடுத்து ஊரில் மாதா கோயில் விசேஷம். ஒரு தடவை சவரிமுத்துக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை, “டீ குடி தம்பி” என்றார். ராசாங்கம் பட்டறையைச் சாத்திவிட்டு அரியலூருக்கு அலைந்ததில் கேட் கேட்டவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

புரட்டாசியில் ரோலர் வந்தது. பளபளவென்று, கையில் பிடித்தால் மீன் மாதிரி வழுக்கியது. அன்று சாயங்காலமே மாட்டினான். தெருவே கூடியது. அம்சவள்ளி ஒரு முறம் வெங்காயத்தை மேலே கொட்டினாள். ஸ்விட்சைப் போட்டான்.

தாள் அறுபட்டது. அது நிஜம். ஆனால் வெங்காயம் நகரவில்லை. ஒரு ரோலர் முன்னால் தள்ளியது, மற்றது பின்னால் இழுத்தது. வெங்காயமெல்லாம் நின்ற இடத்திலேயே கரகம் ஆடின. ஆட ஆடத் தோல் உரிந்தது, தோலுக்கு அடுத்த தோலும் உரிந்தது. கடைசியில் ஒன்றும் இல்லை. ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள், கண்ணீர் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான்.

“அப்படியே தாளிச்சுடலாம் போல,” என்றாள் இருசம்மாள்.

அம்சவள்ளி காலி முறத்தைத் தட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு ரோலரிலும் காடி வலப்பக்கமாகவே முறுக்கியிருந்தது. ஒன்று வலது, ஒன்று இடது என்று இருந்திருக்க வேண்டும். மறுநாள் முதல் பஸ்ஸில் ராசாங்கம் அரியலூர் போய் நின்றான்.

“என்னண்ணே இது? ரெண்டும் ஒரே முறுக்கு!”

சவரிமுத்து வேப்பங்கட்டையைத் தேடி எடுத்து நடுவில் வைத்தார். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

“நீ கொண்டாந்தது ஒண்ணு. இதே மாதிரி ரெண்டுன்னே. மாதிரியா இல்லையா, நீயே சொல்லு.”

“ஜோடி ரோலருண்ணே! ஒண்ணு அந்தப் பக்கம் இருக்கணும்னு தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? வெங்காயத்துக்குன்னு நீ சொல்லவே இல்லியே. நான் சப்பாத்திக் கட்டைன்னு நெனச்சேன்.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதுதான் வினை. தப்பு யாருடையது என்பது ராசாங்கத்துக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது.

சவரிமுத்து இறங்கி வந்தார். “சரி விடு. ஒண்ணை வச்சிட்டுப் போ. செவ்வாக்கெழம வா, எடது முறுக்குல புதுசா போட்டுத் தரேன்.”

“ஒங்க செவ்வாக்கெழம எனக்குத் தெரியாதாண்ணே? எந்த வருசத்துச் செவ்வாக்கெழம? ஒங்களை நம்புறதுக்கு நானே ஒரு மெஷினை வாங்கிப் போட்டுக்குவேன். இனிமே இந்த வாசல்ல கால் வச்சா என்னன்னு கேளுங்க!”

ஒரு ரோலரை மேசையிலேயே வீசிவிட்டு வந்தான். பஸ்ஸில் வரும்போது கோபம் தணிந்திருக்கலாம். ஆனால் சொன்ன வார்த்தையைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள்.

சொந்த மெஷின் என்ற எண்ணம் உள்ளே புகுந்துவிட்டால் அது எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும். இனிமேல் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொள்ளலாம். மெஷின் சும்மா இருக்கிற நேரத்தில் ஊராருக்கும் போட்டுக் கொடுக்கலாம். அம்சவள்ளியிடம் இதையெல்லாம் சொன்னான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“ரெண்டு உருளைக்காகவாங்க?”

“ரெண்டுக்காக இல்லடி. இனிமே வரப்போற எல்லாத்துக்கும்.”

“இப்ப வேண்டியது ரெண்டுதானே? அதுலயும் ஒண்ணு சரியாத்தானே இருக்கு?”

அம்சவள்ளியின் காட்டை விற்றுத்தான் மெஷின் வந்தது. வெங்காயத் தாள் அறுக்கிற மெஷினுக்காக வெங்காயக் காட்டை விற்றவன் இந்த ஜில்லாவில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கோயம்புத்தூரில் பழைய மெஷின் வாங்கி விற்கிற புரோக்கர் சரத்குமார் தேனாகப் பேசினான். பச்சை பெயிண்ட் புதிதாக அடித்து, யானைக் குட்டி மாதிரி நின்றது மெஷின். லாரியில் ஏற்றி, ஜேசிபி வைத்து இறக்கினார்கள். பட்டறையில் வாசல் பக்கம் பழைய கான்கிரீட் தரை இருந்தது. அங்கே வைத்திருக்கலாம். வைக்கப்போகிற நேரத்தில் வாஸ்து பார்க்கிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

“ஈசானியத்துல இம்புட்டுக் கனத்தை வச்சா குடும்பம் தாங்குமா? கன்னி மூலைக்குத் தள்ளுங்கப்பா.”

கன்னி மூலை என்பது கொட்டகையின் தென்மேற்கு. முன்னொரு காலத்தில் அந்த மூலையில்தான் ஊரே வெங்காயச் சருகு கொட்டிய குழி இருந்தது. மண் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள். ராசாங்கத்துக்கு அது தெரியும். ஆனால் ஏற்கனவே ஒரு முறை தன் புத்தியை நம்பிக் கெட்டவன், இந்த முறை அடுத்தவர் புத்தியை நம்பிப் பார்க்கலாம் என்று நினைத்தான். தள்ளினார்கள். சந்தனம், குங்குமம், நான்கு காலிலும் எலுமிச்சம்பழம். ஸ்விட்சைப் போட்டார்கள். மெஷின் ஒரு முறை முனகியது. மோட்டாரிலிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மோட்டார் எரிந்துபோயிருந்தது. தற்காலிகமாக, வெங்காய மெஷினின் மோட்டாரைக் கழற்றி அதில் மாட்டினான் ராசாங்கம்.

அப்புறம்தான், ரோலரைச் சுழற்றிக்கொண்டே காடி போடுவதற்கு வேண்டிய தலை என்கிற சாமான் மெஷினோடு வரவில்லை என்பது தெரிந்தது. அது இல்லாமல் நேர்க்காடி போடலாம், முறுக்குக் காடி வராது. சரத்குமாருக்குப் போன் போட்டான்.

“ஏனுங்கண்ணா, தலை அது தனிங்க. நீங்க மெஷினுதானுங்க கேட்டீங்க?”

“தலை இல்லாம மெஷின் என்னய்யா மெஷினு?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பமுங்க. இப்பவும் ஒண்ணு பாத்து வெக்கிறனுங்க. நாளைக்குக் கூப்புடுங்க.”

ராசாங்கம் போனை வைத்தான். கேட்டதைக் கேட்டபடியே கொடுக்கிற இரண்டு நியாயஸ்தர்களிடம் ஒரே வருஷத்தில் மாட்டியிருந்தான்.

ஐப்பசி மழை பிடித்தது. குழிக்குள் இருந்த பழைய சருகு ஊறி அழுந்தியது. மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பந்தியில் தூக்கம் வந்த பெரியவர் மாதிரி. அடியில் கட்டை கொடுத்துப் பார்த்தான். கட்டையும் இறங்கியது. ஆழமாகத் தோண்டி, கனத்த இரும்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, மேலே கான்கிரீட் கொட்டினால் நிற்கும் என்று கொத்தனார் சொன்னார். கான்கிரீட்டுக்கு ஏற்பாடு ஆயிற்று. இரும்பு வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. கொட்டகைக்குள் இருந்த கனத்த சேனல் இரும்பு ஒன்றுதான்.

அதையும் தற்காலிகம் என்றுதான் சொல்லிக்கொண்டான். கேஸ் கட்டரை எடுத்து வெங்காய மெஷினின் சட்டத்தைத் துண்டு துண்டாக அறுத்தபோது அம்சவள்ளி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏங்க, இது நின்னா அதைச் செய்யலாம்னீங்க.”

“ஆமா.”

“இப்ப அதைப் போட்டு இதை நிக்க வக்கிறீங்க.”

“தள்ளி நில்லு, நெருப்பு தெறிக்கும்.”

மெஷின் நின்றது. இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

தை கடைசியில் மணிவண்ணன் போன் செய்தார்.

“என்ன ராசாங்கம், புடுங்க ஆரம்பிச்சாச்சு. மெஷின் வருதா?”

“வந்துரும்ணே.”

“எப்ப?”

“நாளைக்குண்ணே.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அது தன்னுடைய குரல் மாதிரியே இல்லை. வெள்ளைப் புருவம் வைத்த யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

மணிவண்ணன் ஒரு நாள் காத்திருந்தார், பாவம். மறுநாள் ஆள் வைத்து அறுத்துவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அம்சவள்ளி கூலிக்குப் போனாள். அவளுடைய பழைய காட்டில் வெங்காயம் பிடுங்கியபோது புதுச் சொந்தக்காரர் அவளையும் கூப்பிட்டார், அந்த மண்ணில் கை பழகியவள் என்று. போய் உட்கார்ந்து அறுத்தாள். வரப்போரம் அவள் வைத்த முருங்கை காய்த்திருந்தது. வீட்டுக்கு இரண்டு காய் பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் பறித்தாள்.

பட்டறைக்கு ஆள் வர ஆரம்பித்திருந்தார்கள். டிராக்டர் பின், மக்காச்சோளம் அடிக்கிற மெஷினின் ஷாஃப்ட், போர்வெல் வண்டியின் ஏதோ ஒரு வாய். மேசையில் வைத்து, “இதே மாதிரி” என்பார்கள். நேர்க்காடி வேலை எல்லாம் ராசாங்கத்துக்கு வந்தது. வருகிறதெல்லாம் கட்டருக்கும் கரண்டுக்கும் போயிற்று. தலை வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பான். தலை வாங்கினால் ரோலர் போடலாம். ரோலர் போட்டால் மாட்டுவதற்குச் சட்டம் வேண்டும், மோட்டார் வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் ஊர் வேலை பார்க்க வேண்டும். தன்னுடைய சரியான ரோலரை ராக்கில் ஊரார் சாமான்களோடு வைத்திருந்தான். சொந்தமாக மில்லிங் மெஷின் வைத்திருக்கிற ராசாங்கத்திடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு முடிவில்லாமல் காத்திருக்கிற வாடிக்கையாளர்களில் ராசாங்கமும் ஒருவன். அவனுக்கு மட்டும் நாளைக்கு வா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் சவரிமுத்து வந்தார். தோளில் உரச்சாக்கு. இரண்டு பஸ் மாறி வந்ததில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வாசலில் நின்றபடியே சாக்கை இறக்கினார்.

“நீதான் என் வாசலை மிதிக்க மாட்டேன்னுட்டே. நான் மிதிக்கலாமில்ல?”

ராசாங்கம் எழுந்து நின்றான். “வாங்கண்ணே.”

சாக்குக்குள் இருந்து ஒரு ரோலர் வந்தது. எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. காடி இடப்பக்கமாக முறுக்கி ஓடியது. ராசாங்கம் ராக்கிலிருந்து மற்றதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, கண்ணாடியும் முகமுமாகக் கிடந்தன.

“எப்பண்ணே போட்டீங்க?”

“சொன்னேனே, செவ்வாக்கெழம.”

“எந்தச் செவ்வாக்கெழம?”

“அந்தச் செவ்வாக்கெழமதான்யா! ஜனங்க முன்னாடி கத்திட்டுப் போயிட்டே, எனக்கும் ரோசம் வந்துருச்சு. திங்கக்கெழம ராத்திரியே போட்டு, காலையில மேசையில வச்சிட்டு உக்காந்திருந்தேன். பொழுதுக்கும் உக்காந்திருந்தேன். நீ வரல.”

சவரிமுத்தின் முப்பது வருஷத் தொழிலில் சொன்ன தேதிக்கு முடிந்த வேலை அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஒரு செவ்வாய்க்கிழமை ராசாங்கம் கோயம்புத்தூர் பஸ்ஸில் இருந்தான்.

சவரிமுத்து மெஷினைச் சுற்றி வந்தார். சாமானை வைத்துக் கட்டுகிற படுக்கையைத் தடவிப் பார்த்தார். “நல்ல மெஷின்தான். ஆட்டம் இல்லாம நிக்குதே,” என்றார். பொறாமை இல்லை, அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார்.

“சரி, வெங்காய மெஷின் எங்க? கொண்டா, மாட்டிப் பாத்துருவோம். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.”

ராசாங்கம் குதிகாலால் தரையைத் தட்டினான்.

சவரிமுத்துக்குப் புரியவில்லை. கீழே பார்த்தார். மில்லிங் மெஷினின் காலடியில், கான்கிரீட் விளிம்பில், இரும்புத் துண்டு ஒன்று கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மஞ்சள் பெயிண்டில் ‘ராசா’ என்று தெரிந்தது. மீதி உள்ளே இருந்தது.

சாமிப் படத்தை மிதித்துவிட்டவர் போல, அவர் காலை எடுத்துத் தள்ளி வைத்தார்.

“எடுக்க முடியாதா தம்பி?”

“எடுக்கலாம்ணே. இதைத் தூக்கணும்.”

“தூக்கிட்டா?”

“இதை எங்கண்ணே வக்கிறது?”

அம்சவள்ளி காட்டிலிருந்து வந்தவள், வந்தவரைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிய கட்டைவிரலில் புதுத்துணி சுற்றியிருந்தது. மேசையில் ஜோடியாகக் கிடந்த ரோலர்களைப் பார்த்தாள். குனிந்து ஒன்றை விரலால் தடவினாள்.

“இது எடது முறுக்கா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா,” என்றார் சவரிமுத்து.

“நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, சாயங்காலக் கூலிக்கு அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள்.